வீட்டுக்கு உலை வைப்பது எப்படி?

தலைப்பைப் பார்த்துட்டு யார் குடும்பத்தையோ கெடுக்க ஐடியா கிடைக்கும்னு ஓடி வந்தவங்க அப்படியே திரும்பிப் போயிடலாம் :-) இது நிஜ உலை. கொல்லன் உலை. கரி போட்டு, காத்து ஊதி, இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, சுத்தியலால அடிக்கிற சமாச்சாரம்.

இந்தக் கிறுக்கு என்னைப் பிடிச்சு சில வருஷம் ஆகுது. வாரக் கடைசியில மட்டும். தெரிஞ்சவங்க வட்டாரத்துல விஷயம் பரவிட்டதால இப்பல்லாம் அடிக்கடி ஒரு கேள்வி வருது. "எனக்கும் கத்துக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஒரு உலை வாங்க எவ்வளவு ஆகும்?" என்னோட பதில் எப்பவும் ஒண்ணுதான். வாங்காதீங்க. முதல் உலையை யாரும் காசு கொடுத்து வாங்கக் கூடாது. மண்ணுல கட்டுங்க. அதுவும் ஒரே சாயங்காலத்துல கட்டி முடிக்கிற மாதிரி, அடுத்த வாரமே இடிச்சாலும் மனசு வலிக்காத மாதிரி கட்டுங்க.

இதைச் சொன்னா முக்கால்வாசிப் பேருக்கு முகம் சுருங்கிடுது. "மண்ணா?" அப்படின்னு ஒரு இழுவை வேற.

அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. வீடியோக்கள்ல பார்க்கிறது வேற உலகம். ஒரு வெள்ளைக்காரர் தோல் ஏப்ரன் கட்டிக்கிட்டு நிப்பார். பக்கத்துல உருண்டையா ஒரு கேஸ் உலை, அதுக்குள்ள வெள்ளை வெளேர்னு பஞ்சு, நூறு கிலோவுக்குக் குறையாத ஒரு அடைகல், செவுரு முழுக்க விதவிதமா இடுக்கி. அதைப் பார்த்துட்டு நாமளும் செட்டப் சேர்க்க ஆரம்பிக்கிறோம். செட்டப் சேர்ந்து முடியறதுக்குள்ள ஆசை தீர்ந்து போயிடுது. என் சிநேகிதர் ஒருத்தர் ஒன்றரை வருஷமா உலை கட்டிக்கிட்டு இருக்கார். வரைபடம் போட்டு, அதை லேமினேட் வேற பண்ணி வச்சிருக்கார். இன்னி வரைக்கும் ஒரு ஆணி கூட அடிக்கல. கேட்டா, "ஆர்டர் பண்ணின சூளைச் செங்கல் இன்னும் வரலைய்யா"ங்கிறார்.

அவருக்கு நான் காட்டினது மதுரைக்குப் போற வழியில, ரோட்டோரமா கூடாரம் போட்டிருந்த ஒரு குடும்பத்தை. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் பக்கமிருந்து வர்ற இந்தக் கொல்லர் குடும்பங்களை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீங்க. தரையில முழ நீளத்துக்கு ஒரு குழி. குழிக்குள்ள ஒரு குழாய் போகுது. குழாயோட மறுமுனையில கையால சுத்துற ஒரு சின்ன ஊதுசக்கரம். பூமியில அறைஞ்ச ஒரு இரும்புக் கட்டிதான் அடைகல். அந்த ஆள் குத்த வச்சு உக்காந்து இரும்பைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க, அவர் சம்சாரம் நின்னுக்கிட்டு ரெண்டு கையாலயும் சம்மட்டியைத் தூக்கிப் போடறாங்க. ஒரு அடி கூடத் தவறுறதில்ல. கோடாலி, மண்வெட்டி, கத்தி எல்லாமே அந்தக் குழியிலேருந்துதான் வருது. நாலு நாள் கழிச்சுப் போனா இடம் காலி. எல்லாத்தையும் வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க, உலையைத் தவிர. அது குழிதானே, அங்கேயே கிடக்கு.

சிநேகிதர் ரொம்ப நேரம் அந்தக் குழியையே பார்த்துக்கிட்டு நின்னார். லேமினேட் பண்ணின வரைபடம் ஞாபகம் வந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உலைங்கிறது ஒரு பொருளே இல்லைங்கிறது என் கட்சி. நெருப்பு ஒரே இடத்துல குவிஞ்சு நிக்கணும், அதுக்குக் கீழேயோ பக்கத்துலயோ காத்து வரணும், அந்தக் காத்தை நாம கூட்டிக் குறைக்க முடியணும். இது மூணும் இருந்தா அது உலை. வெளிநாட்டுப் பொழுதுபோக்குக் கொல்லர்களே இப்பல்லாம் புதுசா வர்றவங்களுக்கு இதைத்தான் சொல்றாங்க. ஒரு மரப்பெட்டி, அதுல மண்ணு, நடுவுல பள்ளம், பக்கவாட்டுல ஒரு குழாய். அதுக்கு அவங்க வச்சிருக்கிற பேரு 'சும்மா ஒரு மண்ணுப் பெட்டி'. நம்ம ஆளுங்க காலங்காலமா பேரு வைக்காம செஞ்சதுக்கு அவங்க பேரு வச்சுட்டாங்க, அவ்வளவுதான்.

மண் உலையை நான் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறதுக்குக் காரணம் அது மலிவுங்கிறது மட்டும் இல்ல. அதைத் திருத்தலாம். பள்ளம் ரொம்ப அகலமா, கரி வீணாப் போகுதா? ஒரு கை ஈரமண்ணை எடுத்து ரெண்டு பக்கமும் அப்புங்க, குறுகிடும். ஆழம் பத்தலையா, விளிம்பை உசத்துங்க. குழாய் தப்பான உயரத்துல இருக்கா, உருவி வேற இடத்துல சொருகுங்க. காசு கொடுத்து வாங்கின இரும்பு உலையில இதெல்லாம் நடக்காது. அது எப்படி இருக்கோ அப்படித்தான், நாமதான் அதுக்குத் தகுந்த மாதிரி வளையணும். நெருப்பு எப்படி வேலை செய்யுதுங்கிறதே தெரியாத ஆரம்பக் காலத்துல, கையால மாத்தக்கூடிய உலைதான் நமக்கு வாத்தியார்.

அந்த நெருப்பைப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். இதைத் தெரிஞ்சுக்காமத்தான் நிறைய பேர் முதல் மாசமே சுத்தியலைத் தூக்கிப் போடறாங்க.

குழாய் வழியா வர்ற காத்து முதல்ல எந்தக் கரியைத் தொடுதோ அங்க பிராணவாயு நிறைய. வெக்கை அங்க பயங்கரமா இருக்கும். ஆனா அங்க கொண்டுபோய் இரும்பை வச்சா, மிச்சமிருக்கிற பிராணவாயு இரும்பையும் சேர்த்துத் தின்னும். மேல கறுப்பா செதில் செதிலா வரும். இன்னும் விட்டா மத்தாப்பு மாதிரி வெள்ளைப் பொறி பறக்கும். சுமார் 1,300 டிகிரிக்கு மேல போயி இரும்பே எரிய ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். அந்த முனையை வெட்டித்தான் போடணும், திரும்பச் சரி பண்ண முடியாது. காத்து இன்னும் கொஞ்சம் கரியைத் தாண்டி வந்தா பிராணவாயு பெரும்பாலும் தீர்ந்து போயிருக்கும், வெக்கை மட்டும் மிச்சம் இருக்கும். அந்த நடு இடம்தான் நமக்கு வேணும். அதனால இரும்புக்குக் கீழேயும் கரி இருக்கணும், மேலேயும் இருக்கணும். நெருப்புக்கு மேல இரும்பை வாட்டக் கூடாது, நெருப்புக்குள்ள புதைக்கணும். சுட்ட கத்திரிக்காய்க்கு அடுப்புத் தணலுக்குள்ள காயைப் புதைப்பாங்களே, அந்த மாதிரி.

எங்க ஊர்ப்பக்கம், அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, ஒரு கிராமத்துல வயசான ஆசாரி ஒருத்தர் இன்னும் பட்டறை வச்சிருக்கார். மேற்படி சிநேகிதரை அங்கேயும் கூட்டிட்டுப் போனேன். இவர் போன வேகத்துல ஊதுசக்கரத்தைப் பிடிச்சுச் சுத்து சுத்துன்னு சுத்தினார். கரி எல்லாம் குபுகுபுன்னு எரிஞ்சு மேல பொறியாப் பறக்குது. ஆசாரி கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "தம்பி, எதுக்கு இம்புட்டு ஊதுறீக? கரிதான் கரையுது. இரும்பு காயட்டும், செத்த நிப்பாட்டுங்க" அப்படின்னார். "காத்து வந்தாத்தானே அண்ணாச்சி காயும்?" அப்படின்னு இவர். "வரணும். வந்துக்கிட்டே இருக்கணும்னு யாரு சொன்னா?" அவ்வளவுதான் பாடம். புஸ்தகத்துல நாலு பக்கம் படிச்சாலும் இதுக்கு மேல ஒண்ணும் கிடைக்கப் போறதில்ல.

இப்பக் கட்டுறதுக்கு வருவோம். என் வோட்டு 15 கிலோ எண்ணெய் டின்னுக்கு. மளிகைக் கடையிலயோ டீக்கடையிலயோ கேட்டா கிடைக்கும். உள்ள எண்ணெய்ப் பிசுக்கு ஒரு சொட்டு இல்லாம சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவிடுங்க, முக்கியம். டின்னைப் படுக்க வச்சு, மேல வர்ற பக்கத்தை முழுசா வெட்டி எடுத்துட்டா ஒரு தொட்டி மாதிரி ஆகும். வெட்டின விளிம்பைக் குறடால மடக்கி விட்டுடுங்க, இல்லைன்னா கையைக் கிழிக்கும். நீளவாக்குல ஒரு பக்கச் சுவர்ல, நடுவுல, அடியிலேருந்து நாலு விரக்கடை உயரத்துல குழாய் நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை. குழாய் ஒரு அங்குலத்துக் கறுப்பு இரும்புக் குழாய். மூணடி நீளம் இருந்தா நல்லது, ஊதுற சாதனம் சூட்டுலேருந்து தள்ளி இருக்கும்.

கண்மாய்க் களிமண் ஒரு பங்கு, ஆத்து மணல் ரெண்டு பங்கு, அடுப்புச் சாம்பல் கொஞ்சம். கரையான் புற்று மண் கிடைச்சா களிமண்ணுக்குப் பதிலா அதைப் போடுங்க, இன்னும் உசத்தி. (புற்றுக்குள்ள குடியிருக்கிறவர் யாருன்னு மொதல்ல பார்த்துக்கோங்க!) தண்ணி ரொம்பக் கம்மியா ஊத்தணும். கொழுக்கட்டை பிடிக்கிற பதம்னு வச்சுக்கோங்க. கையில பிடிச்சா உருண்டையா நிக்கணும், விரல்ல ஈரம் வழியக் கூடாது. தண்ணி கூடிப்போனா காயும்போது பாளம் பாளமா வெடிக்கும். அடியில மூணு விரக்கடை, ரெண்டு பக்கமும் ஒரு ரெண்டு அங்குலத்துக்கு மேல அப்பி, மரக்கட்டையால தட்டித் தட்டி இறுக்கி, நடுவுல ஒரு பள்ளம் வரணும். அஞ்சு அங்குல அகலம் போதும், அஞ்சாறு அங்குல ஆழம். குழாய் முனை பள்ளத்தோட சுவருக்குச் சமமா, பள்ளத்தின் அடியிலேருந்து ஒரு அங்குலம் மேல இருக்கணும். டின்னோட ரெண்டு கடைசியிலயும் மண்ணைத் தாழ்வா விட்டா நீளக் கம்பியைக் குறுக்கே போடலாம்.

மூணு நாள் நிழல்ல காய விடுங்க. அப்புறம் சுள்ளி போட்டு ரெண்டு தடவை சின்னதா தீ. உடனே கரியைக் கொட்டி ஊத ஆரம்பிக்காதீங்க. விரிசல் விடும், விடத்தான் செய்யும், அதே மண்ணைக் குழைச்சுப் பூசிட்டு வேலையைப் பாருங்க. டின்னை நாலு செங்கல் மேல, வெட்டவெளியில வைக்கணும். மேஜை, பலகை எல்லாம் வேண்டாம்.

காத்துக்கு என்ன பண்றது? கையால சுத்துற ஊதுசக்கரம் இரும்புக் கடைகள்ல கிடைக்குது, என்னைக் கேட்டா அதுதான் முதல் சாய்ஸ். கையை எடுத்தா காத்து நின்னுடும். இரும்பை எடுத்து அடிக்கும்போது கரி வீணாகாது. பழைய ஹேர் டிரையரும் ஓடும், சூடு வேணாம், வெறும் காத்து மட்டும் வர்ற மாதிரி வச்சுக்கிட்டா போதும். ஆனா அது குடுக்கிற காத்து நம்ம சின்னப் பள்ளத்துக்கு ரொம்ப ஜாஸ்தி. டிரையர் மூக்கைக் குழாய்க்குள்ள சொருகாம நாலு விரக்கடை தள்ளி வைங்க. முன்ன பின்ன நகர்த்தினாலே காத்து கூடும் குறையும். இன்னொரு நல்லதும் இருக்கு. காத்தை நிறுத்தினதும் உலையில இருக்கிற எரிவாயு குழாய் வழியா பின்னாடி ஏறி ஊதுற சாதனத்துக்குள்ள சேரும், அது டப்புனு வெடிக்க வாய்ப்பு உண்டு. நடுவுல இடைவெளி இருந்தா வெளிய போயிடும்.

கரி விஷயத்துல தமிழ்நாட்டுத் தென்மாவட்டக்காரங்க கொடுத்து வச்சவங்க. சீமைக்கருவேலம். நிலத்தடித் தண்ணியைக் குடிக்குது, ஒழிச்சுக் கட்டுன்னு எல்லாரும் திட்டுற மரம். 2017ல மதுரை உயர்நீதிமன்றக் கிளையே அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. ஆனா ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கை பக்கம் எத்தனையோ குடும்பத்துக்கு அந்த மரம் போட்டுக் கரிமூட்டம் போடறதுதான் பொழப்பு. உலைக்கு அருமையான கரி அது. கனமா இருக்கும், நின்னு எரியும். கொட்டைப்பாக்கு அளவுலேருந்து எலுமிச்சம்பழ அளவுக்குள்ள உடைச்சுப் போடுங்க. தூளைச் சலிச்சு எடுத்துடணும், காத்தை அடைக்கும். ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு மூணு கிலோ சாதாரணமாப் போகும். கொட்டாங்கச்சிக் கரியும் ஓகே, ஆனா சீக்கிரம் கரைஞ்சிடும். 'பார்பிக்யூ'வுக்குன்னு அழகா பாக்கெட்ல விக்கிற கரிவில்லைகள் வேண்டவே வேண்டாம், வர்ற சாம்பல்ல இரும்பைத் தேடணும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி கிடைக்குதேன்னு யாராவது கொண்டு வந்தா கும்பிடு போட்டு அனுப்பிடுங்க, அதுல பாதி தண்ணி.

நிற்க. இப்ப எனக்குக் கோவம் வர்ற பகுதி.

"மண்ணு கரைஞ்சிடும், சிமென்ட்ல பூசிக்கோ"ன்னு ஒரு கோஷ்டி சொல்லிக்கிட்டுத் திரியுது. சாதாரண சிமென்ட் கான்க்ரீட்டுக்குள்ள எப்பவும் ஈரம் உண்டு. அதைத் திடீர்னு ஆயிரம் டிகிரிக்குக் கொண்டு போனா ஈரம் ஆவியாகி, வெளிய போக வழியில்லாம, கல்லு தெறிக்கிற மாதிரி தெறிக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பையனோட உலையில ஒரு சில்லு வெடிச்சு அவன் மூக்குக் கண்ணாடியில பட்டுச்சு. கண்ணாடி போடாத பையனா இருந்தா? ஆத்துக் கூழாங்கல் அடுக்குறதும் இதே கதைதான். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் மணலும் கலந்து ஊத்தறது வீடியோவுல அழகா இருக்கும், கொஞ்ச நாள்ல பொடிப்பொடியா உதிரும்.

அடுத்தது ஜி.ஐ. குழாய். பிளம்பர் மிச்சம் வச்சுட்டுப் போன துண்டு வீட்டுல கிடக்கும், அதை எடுத்துச் சொருகிடறாங்க. அதுல வெள்ளையா இருக்கிற பூச்சு துத்தநாகம். அது 907 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாகிடும், நம்ம உலை அதைத் தாண்டித்தான் வேலையே செய்யுது. அந்த வெள்ளைப் புகையை உள்ள இழுத்தா சாயங்காலமே குளிர் காய்ச்சல், உடம்பு வலி. அளவு கூடினா நுரையீரலுக்கே ஆபத்து. உலைக் குழாய் மட்டும் இல்ல, அடிக்கிற இரும்பும் முலாம் பூசினதா இருக்கக் கூடாது. பளபளன்னு வெள்ளையா இருக்கிற போல்ட், வேலிக் கம்பி எல்லாம் தொடாதீங்க.

எல்லாத்தையும் விடப் பெரிய கூத்து, வீட்டு கேஸ் சிலிண்டர். கேஸ் உலையை நான் குறை சொல்லல. சீரான சூடு, சாம்பல் இல்ல, தினமும் வேலை செய்யறவங்களுக்கு ரொம்ப சௌகரியம். ஆனா நம்ம வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் ரெகுலேட்டர் குடுக்கிறது 30 மில்லிபார் அழுத்தம். தோசை சுட அது போதும், இரும்பு அடிக்கிற உலைக்கு அது எந்த மூலைக்கு? உடனே ரெகுலேட்டரைக் கழட்டிட்டு, எங்கேயோ கிடைச்ச ஹை பிரஷர் வால்வை மாட்டி, டியூபைக் கம்பியால இறுக்கிக் கட்டி... சொல்லவே பயமா இருக்கு. சமையலுக்குக் கொடுத்த சிலிண்டரை வேற வேலைக்குப் பயன்படுத்தறது சட்டப்படியும் தப்பு. அதுக்கு மேல, உலைக்குள்ள வைக்கிற அந்த வெள்ளைப் பஞ்சு. அது சுட்டு நொறுங்கினா பறக்கிற இழை கண்ணுக்கே தெரியாது, நுரையீரல்ல போய் உக்காரும். மேல பூச்சு பூசி, முகமூடி போட்டுத்தான் கையாளணும். முதல் தடவை இரும்பு அடிக்கப் போறவருக்கு இத்தனை தலைவலி எதுக்குங்க? மண்ணு யாரையும் ஒண்ணும் பண்ணாது.

கரி உலையிலயும் எமன் ஒருத்தர் உக்காந்திருக்கார், அதையும் மறைக்காம சொல்லிடறேன். கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்ல, வாசனை இல்ல. கரி எரியற இடத்துல எல்லாம் வரும், புகையே இல்லாம எரியும்போதும் வரும். அதனால உலை கூரைக்குக் கீழே கூடாது. கார் ஷெட்ல ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, மொட்டை மாடி ரூம்ல ஜன்னலைத் திறந்து வச்சுட்டு எல்லாம் கூடவே கூடாது. வெட்டவெளி. தலைவலி, கிறுகிறுப்பு வந்தா 'வெயில் போல'ன்னு நினைக்காம உடனே தள்ளிப் போயிடணும்.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிடறேன்.

அடைகல்லுக்குத் தண்டவாளத் துண்டு தேடி அலையாதீங்க. பழைய இரும்புக் கடையில இருக்கும்தான், ஆனா அது எங்கேருந்து வந்ததுன்னு கடைக்காரருக்கே தெரியாது. ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமா வச்சிருந்தா கேஸ் போட 1966லயே தனிச் சட்டம் இருக்கு. ஒரு பெரிய சம்மட்டித் தலை வாங்கி, வேப்ப மரத் துண்டுல குடைஞ்சு இறுக்கி நட்டா அருமையான அடைகல். லாரி ஆக்சில் துண்டை நெட்டக்குத்தலா நட்டாலும் சரி. நிமிர்ந்து நின்னு கையைத் தொங்கவிட்டு முஷ்டியை மடக்கினா, மொளி எங்க வருதோ அதுதான் உயரம். சுத்தியல் ஒரு கிலோவுக்கு மேல வேண்டாம், அடுத்த நாள் தோள்பட்டை பதில் சொல்லும்.

இரும்புக்கு 10 எம்.எம். சாதா மைல்டு ஸ்டீல் கம்பி. மீட்டருக்கு 617 கிராம், விலை ஒண்ணும் பெரிசில்ல. ரெண்டடி நீளமா வெட்டிக்கோங்க, அப்ப மறுமுனையைக் கையாலேயே பிடிக்கலாம், இடுக்கியே தேவையில்ல. ஆரஞ்சு நிறத்துலேருந்து மஞ்சள் வரைக்கும் அடிக்கலாம், சிவப்பு மங்க ஆரம்பிச்சா திரும்ப உலைக்கு. மங்கின இரும்புல ஆத்திரத்தோட நாலு அடி கூடப் போடறதுதான் எல்லாரும் செய்யறது. வெயில்ல நின்னா நிறமே சரியாத் தெரியாது, அதனால சாயங்கால நேரமோ மர நிழலோ நல்லது.

கறுப்பா இருக்கிற இரும்பு ஆறின இரும்புன்னு நம்பிடாதீங்க. 400 டிகிரியிலயும் அது கறுப்பாத்தான் இருக்கும். எடுக்கிறதுக்கு முன்னாடி புறங்கையைக் கிட்ட கொண்டு போய்ப் பாருங்க. பருத்தித் துணி, மூடின செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. பாலியஸ்டர் சட்டையில ஒரு பொறி விழுந்தா தோலோட ஒட்டிக்கும்.

முதல் வேலை கொக்கி. வெறும் 'எஸ்' வடிவக் கொக்கி. ஒரு முனையைக் கூராக்கி, சுருட்டி, வளைக்கணும். பத்து கொக்கி அடிக்கிறதுக்குள்ள நீட்டறது, வளைக்கறது, சூடு பார்க்கறது எல்லாம் வந்துடும். ஆனா வர்ற பசங்க எல்லாருக்கும் முதல் நாளே அரிவாள் அடிக்கணும். லாரிப் பட்டையைத் தூக்கிக்கிட்டு வந்துடறாங்க. அது கார்பன் கூடின எஃகு, அடிக்கவும் கஷ்டம், பதம் வைக்கிறது அதைவிடக் கஷ்டம். சூடா எடுத்துத் தண்ணியில முக்கினா 'டிக்'னு ஒரு சத்தம் கேட்கும், விரிசல் விட்டாச்சு. போதாததுக்கு 2021ல தமிழ்நாட்டுப் போலீஸ் கத்தி, அரிவாள் செய்யற பட்டறைகள்ல வாங்குறவங்க விவரத்தைக் குறிச்சு வைக்கச் சொல்லியிருந்தாங்க. பட்டறைக்காரங்களுக்கே அந்த நிலைமை. நாம கொக்கியோட நிறுத்திக்குவோம்.

ஆசாரிகிட்டத் திரும்ப வர்றேன். அவர் பட்டறையில இப்ப என்ன வேலை இருக்குன்னு நினைக்கிறீங்க? அறுவடை மெஷின் வந்தப்புறம் கதிரரிவாளுக்கு ஆள் இல்ல. டிராக்டர் வந்தப்புறம் கலப்பைக் கொழு இல்ல. மண்வெட்டி கம்பெனிக்காரன் செஞ்சு கடையில தொங்குது. களைக்கொத்திக்கும் வெட்டரிவாளுக்கும் முனை காய்ச்சறதுதான் மிச்சம். பையன் திருப்பூர்ல. "அவனுக்கு இந்தச் சூடு ஆகாதுய்யா"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சார், அதுல வருத்தம் இருந்துச்சா இல்லையான்னு எனக்குப் பிடிபடல.

2025 ஜனவரியில தமிழக அரசு ஒரு அறிக்கை வெளியிட்டது. சிவகளையில கிடைச்ச இரும்போட காலம் கி.மு. நாலாம் ஆயிரமாண்டு வரைக்கும் போகுதுன்னு. ஒரு வாரத்துக்கு எங்க பார்த்தாலும் அதே பேச்சு, வாட்ஸப் முழுக்க 'உலகத்துக்கே இரும்பு கொடுத்த தமிழன்'. எனக்கும் சந்தோஷம்தான். கொடுமணல்ல தோண்டினப்பவும் இரும்பு உலைகளோட மிச்சம் கிடைச்சிருக்கு. அது தாதுவை உருக்குற உலை, நாம பேசுறது வெறும் அடிக்கிற உலை, ரெண்டும் வேற வேற. இருந்தாலும் அங்கேயும் இங்கேயும் மண்ணும் கரியும் காத்தும்தான் மூலதனம். ஆனா அந்தப் பெருமை பேசின வாரத்துல யாராவது ஒருத்தர் பக்கத்து ஊரு ஆசாரி பட்டறைக்குப் போய் ஒரு தோசைத் திருப்பியாவது அடிச்சு வாங்கியிருப்பாங்களா? எனக்கு நம்பிக்கை இல்ல.

அதனால வீட்டுல உலை கட்டுற ஒவ்வொருத்தருக்கும் நான் வைக்கிற கோரிக்கை இது. உலை வாங்கறதுக்குன்னு ஒதுக்கின காசு இருக்கு பாருங்க, அதுல டின்னும் மண்ணும் குழாயும் போக முக்காலே மூணுவீசம் மிஞ்சும். அதை எடுத்துக்கிட்டுப் பக்கத்துல எந்தப் பட்டறை உயிரோட இருக்கோ அங்க போங்க. ரெண்டு நாள், மூணு நாள் உக்காருங்க. அவரோட நாள் கூலியைக் கேட்டு, அதைக் கொடுத்துட்டு உக்காருங்க. செல்போனை நீட்டி நாலு போட்டோ எடுத்துட்டு 'பாரம்பரியம்'னு தலைப்புப் போடறவங்களை அவர் நிறைய பார்த்தாச்சு. ஊதுசக்கரம் சுத்தற வேலையை நீங்க கேட்டு வாங்கிக்கோங்க. காத்து எப்ப வேணும், எப்ப வேணாம்ங்கிறது அந்தக் கைப்பிடியில இருக்கு. அடிக்கிறதைப் பார்க்கும்போது சுத்தியலைப் பார்க்காதீங்க, அவர் இடது கையைப் பாருங்க. இரும்பை எவ்வளவு திருப்பறார், எப்ப திருப்பறாருங்கிறதுலதான் பாதித் தொழில். இது நமக்குப் பொழுதுபோக்கு, கொக்கி கோணலாப் போனா சிரிச்சுட்டுத் தூக்கிப் போடலாம். அவருக்கு அந்தக் கோணல் கொக்கிக்குக் கூலி கிடையாது. அந்த வித்தியாசம் மனசுல இருந்தா பேரம் பேசத் தோணாது.

ஒரு எதிர்வாதத்தையும் சொல்லிடணும். "அபார்ட்மென்ட்ல இருக்கேன், மண்ணுக்கும் கரிக்கும் எங்கே போவேன்?"னு ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில்: அபார்ட்மென்ட்ல எந்த உலையும் வேண்டாம். கேஸும் வேண்டாம், கரியும் வேண்டாம். ஊர்ல தாத்தா வீடு இருந்தா அங்க கட்டுங்க. இல்லைன்னா ஆசாரி பட்டறையே உங்க பட்டறைன்னு வச்சுக்கோங்க, மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. சொந்த உலை இல்லாம நல்லாக் கத்துக்கிட்டவங்க உண்டு. உலையை மட்டும் வச்சுக்கிட்டுக் கத்துக்காதவர் யாருன்னு மேலேயே சொல்லிட்டேன் :-)

பி.கு: வேலை முடிஞ்சதும் உலையில தண்ணியை ஊத்தாதீங்க. மண்ணு பாளமா வெடிச்சிடும், கொதிக்கிற ஆவி கையைப் பொசுக்கும். எரியற கரியைக் கரண்டியால அள்ளி, மூடி போட்ட இரும்பு டப்பாவுல போட்டு இறுக்கி மூடுங்க. காத்து இல்லாம தானா அணையும். அந்தக் கரியை அடுத்த வாரம் பத்த வச்சா புதுக் கரியைவிடச் சீக்கிரம் பிடிச்சுக்கும். டப்பாவை மரம், வைக்கோல் பக்கம் வைக்காம வெறும் தரையில வைங்க. ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை தொட்டுப் பார்த்துட்டுத் தூங்கப் போங்க. உலை நல்லா ஆறின பிறகு, மழைக்காலம்னா மேல ஒரு தகரம்.